டியூசன் அக்கா பெற்ற பிள்ளை

முத்துச்செல்வியிடம் டியூசனுக்கு விட்டால் கழுதைகூடப் பாஸாகிவிடும் என்று அவனியாபுரத்தில் அவள் தெருப் பெண்கள் சொல்வார்கள். பாராட்டித்தான் சொல்வார்கள். கழுதை என்றது தாங்கள் பெற்ற பிள்ளைகளைத்தான் என்பது பாவம், அவர்களுக்கு உறைப்பதில்லை. சாயங்காலமானால் அவள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். உள்ளே வாய்ப்பாடு ஒரு பக்கம், இங்கிலீஷ் ஸ்பெல்லிங் ஒரு பக்கம் என்று சந்தைக்கடை இரைச்சல். நடுவில் கையில் ஸ்கேலோடு முத்துச்செல்வி. அந்த ஸ்கேல் யார் மேலும் பட்டதில்லை. தரையில் ஒரு தட்டுத் தட்டினாலே பயல்கள் அடங்கிவிடுவார்கள்.

அவளுடைய அப்பா ஆண்டிச்சாமி வலையங்குளம் பக்கம் ஊரார் வயலில் கூலிக்கு வரப்பு வெட்டியவர். அந்த வயலிலிருந்து அவளைத் தூக்கிக் கரை சேர்த்தது படிப்புதான். மார்க் வாங்கினாள், ஹாஸ்டலில் சீட் கிடைத்தது. மறுபடி மார்க் வாங்கினாள், காலேஜில் சீட் கிடைத்தது. சீட் என்பது கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்று அவள் மண்டையில் ஆணி அடித்த மாதிரி ஏறிப்போயிருந்தது. பின்னால் நடந்த கோளாறெல்லாம் அந்த ஆணியால் வந்ததுதான்.

அவள் மகன் முகேஷுக்கு மூன்று முடிந்து நாலு நடக்கிறது. இதுவரை அம்மா என்று அழைத்ததில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இத்தனை பிள்ளைகள் கத்துகிற வீட்டில், அடுப்படி மூலையில் உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் மூடியைத் தரையில் பம்பரம்போலச் சுற்றிவிடுவான். அது ஆடி ஆடி அடங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பான். அடங்கியதும் மறுபடி சுற்றுவான். பிடுங்கினால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான் என்பதால் யாரும் பிடுங்குவதில்லை.

எதிர்வீட்டு ராமக்காள் ஒருநாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாக?" என்று கேட்டாள். பின்னாலேயே முத்துச்செல்வி நிற்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்ததும் பதறிப்போய், "ஏத்தா செல்வி, ஒன்னையச் சொல்லலத்தா! வசம்பைச் சுட்டுத் தேன்ல கொழச்சு நாக்குல தடவிவிடு. எங்க தம்பி மகன் அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தான். இன்னைக்கு மைக்கைப் புடிச்சா விடமாட்டேங்கிறான்" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முத்துச்செல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வசம்பும் தடவிப் பார்த்தாள். ராமக்காள் சொல்லி என்ன கேட்பது என்கிற வீம்பெல்லாம் அவளிடம் எப்போதோ செத்துப்போயிருந்தது.

டாக்டர்களையும் பார்க்காமல் இல்லை. முதலில் பார்த்தவர், "ஆம்பளப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தாம்மா பேசும், ஒரு வருசம் பார்ப்போம்" என்றார். பார்த்தார்கள். ஒரு வருசம் போனதுதான் மிச்சம். அடுத்தவர் காதைச் சோதிக்கச் சொன்னார், காது பழுதில்லை. அதற்கடுத்தவர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. இன்னொருவர் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே, "போனைக் குடுத்து வளர்த்திருப்பீங்க" என்று இவளைக் கடித்தார். போகிற இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பிரசவம் எப்படி, பிறந்ததும் அழுதானா, எப்போது குப்புற விழுந்தான், எப்போது நடந்தான். தன் டியூசன் பிள்ளைகள் கேள்விபதில் ஒப்பிப்பதுபோல அவளும் ஒப்பிக்கப் பழகிவிட்டாள். சொல்லச் சொல்ல, யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையின் கதை மாதிரி ஆகிவிட்டது அது. மலை ஏறி இறங்கின மாதிரி அவளுக்கு அலுப்பாக இருந்தது.

புருசன் ஜெயபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் ஓயாதவன். "எங்கப்பா சொல்வாரு, நானே நாலு வயசுலதான் பேசுனேனாம். இப்ப ஊமையாவா இருக்கேன்? ஏறுன சனம் எறங்குறவரைக்கும் பேசுறேன். விடு புள்ள, வாரப்ப வரும்" என்பான். அவ்வளவுதான் அவன் வைத்தியம். ஆனால் முகேஷ் வண்டியில் உட்கார்ந்திருந்தால் அப்பன் ஹாரன் அடிக்கமாட்டான். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதனால் திருப்பரங்குன்றம் ரோட்டில் முன்னால் மாடே நின்றாலும் ஜெயபாண்டி தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டுதான் போவான். "என்ன மாப்ள, வண்டிக்கு ஹாரன் போடாமயே வாங்குனியா?" என்று சவாரி ஏறியவர்கள் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

காது சோதிக்கப் போன இடத்தில்தான் தங்கப்பொண்ணு பழக்கமானாள். அவளுக்கும் பேசாத ஒரு பெண் குழந்தை. பசுமலையில் ஓர் அறக்கட்டளை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் நடத்துகிறது, காசில்லாமல் பேச்சுப்பயிற்சி கொடுக்கிறார்கள், ஆனால் இடம் கொஞ்சம்தான், முகாம் வைத்து ஒவ்வொரு பிள்ளையாகச் சோதித்துத்தான் எடுப்பார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

"சோதிச்சா? என்னக்கா கேப்பாக?"

"படத்தைக் காட்டி எது பந்து, எது நாயின்னு தொடச் சொல்வாகளாம். போன முகாமுல எங்க மதினி மக பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருக்கா. இந்தா பாரு."

போனில் ஓர் அட்டை. ஆறு படம். மேல் வரிசையில் பந்து, டம்ளர், நாய். கீழ் வரிசையில் செருப்பு, பூ, பஸ். முத்துச்செல்விக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. பரீட்சை என்றால் அவளுக்குப் பழக்கம்தானே! கொஸ்டின் பேப்பரே கைக்கு வந்துவிட்டால் அப்புறம் என்ன? சீட் கெட்டிக்காரப் பிள்ளைக்கு. முகேஷைக் கெட்டிக்காரனாக்க வேண்டியதுதான் பாக்கி.

ஜெராக்ஸ் கடையில் அந்தப் படத்தைப் பெரிதாகக் கலர் பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டினாள். மத்தியானம் டியூசன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மகனை மடியில் இருத்திக்கொள்வாள். "பந்து எங்க?" என்பாள். அவன் விரலைப் பிடித்துப் பந்தின் மேல் வைப்பாள். உடனே பிஸ்கட்டில் ஒரு துண்டு. "டம்ளர் எங்க?" விரல், பிஸ்கட். முதலில் திமிறினான், முட்டினான், அட்டையைக் கடித்தான். அவள் விடவில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சொல்லி வளர்ந்தவள் அவள். அவளுக்குக் கழுத்து வலித்தது, தொண்டை கட்டியது, சோற்றை மறந்தாள். ஒருநாள் அவள் பிடிக்காமலே அவன் விரல் தானாகப் போய்ப் பந்தின் மேல் நின்றது. அப்புறம் டம்ளர். அப்புறம் நாய். முத்துச்செல்வி பிள்ளையைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதுவிட்டாள்.

முகாம் அன்று மையத்தின் கூடம் முழுக்கப் பிள்ளைகள். ஒன்று உருண்டது, ஒன்று ஓடியது, ஒன்று ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே முகம், தூங்காத முகம். தங்கப்பொண்ணின் மகள் தரையில் விழுந்து அலறியதில் அவளைக் கேள்வியே கேட்க முடியவில்லை. தங்கப்பொண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். பாவம், இவளுக்குக் கிடைக்காது என்று முத்துச்செல்வி மனதுக்குள் வருத்தப்பட்டாள். கொஞ்சம் சந்தோசமும் பட்டாள். மனுசிதானே.

முகேஷ் முறை வந்தபோது மேசைக்கு எதிரே இருந்த சின்னப் பெண் காலையிலிருந்து அதே கேள்விகளைக் கேட்டு ஓய்ந்து போயிருந்தாள். அட்டையை எடுத்து வைத்தாள். அதே ஆறு படம்.

"பந்து எங்க தம்பி?"

முகேஷ் தொட்டான். டம்ளர், நாய், செருப்பு, பூ, பஸ். ஒன்றுவிடாமல் தொட்டான். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையை அம்மா பக்கம் நீட்டினான். முத்துச்செல்வி முந்தானைக்குள்ளிருந்து பிஸ்கட்டை எடுத்து அதில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாச் செய்றானேம்மா! பேச்சு மட்டும்தான் கொஞ்சம் பின்னாடி இருக்கு. வீட்டுல நெறையப் பேசுங்க, போதும். இங்க ரொம்ப முடியாத பிள்ளைங்களுக்குத்தான் எடம் குடுக்குறோம். அடுத்த வருசம் முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்" என்றாள் அந்தப் பெண்.

முத்துச்செல்விக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. பாஸாகிவிட்டான், ஆனால் சீட் இல்லை. இது எந்த ஊர் நியாயம்? ஆனால் 'நல்லாச் செய்றானே' என்ற அந்த ஒரு வார்த்தை மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டது. இத்தனை வருசத்தில் படித்தவர்கள் யாரும் அவள் பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த ஜெயபாண்டியிடம் ஓடினாள். "தேவையில்லைன்னுட்டாகங்க! நம்ம பிள்ளை நல்லாருக்கான்னுட்டாக!" ஜெயபாண்டி திருப்பரங்குன்றத்தில் வண்டியை நிறுத்தி ஜிலேபி வாங்கினான். ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ சொன்னான். ராமக்காள் வீட்டுக்கும் ஜிலேபி போனது. அதை முத்துச்செல்வியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த ஜிலேபி தீர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானம் ஜெயபாண்டி சாப்பிட வந்தான். மகன் கெட்டிக்காரத்தனத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அட்டையை எடுத்து வரச் சொன்னான். வண்டிக்காரன் இல்லையா, ஆசையாக முதலில் அதைத்தான் கேட்டான்.

"பஸ் எங்கடா, ராசா?"

முகேஷ் பந்தைத் தொட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

"அடேய், பஸ்ஸுடா. சரி விடு, செருப்பு எங்க?"

முகேஷ் டம்ளரைத் தொட்டான். கையை நீட்டினான்.

"பூ?"

நாயைத் தொட்டான்.

"அப்பன்கிட்டயே வெளையாட்டுக் காட்டுறான் பாரு!" என்று ஜெயபாண்டி சிரித்தான். முத்துச்செல்வி கையிலிருந்த குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை. ஒன்றுக்குப் பின் ஒன்று. குரல் கேட்டால் அடுத்த கட்டம், அடுத்த பிஸ்கட். பந்தும் இல்லை, பஸ்ஸும் இல்லை. கேள்வியே தெரியாமல் பதிலை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு வருகிற பிள்ளைகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்! மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டுப் பிடித்துவிடுவாள், பிடித்ததும் ஸ்கேலைத் தட்டுவாள். அடுத்தவர் பிள்ளையென்றால் அரை நிமிசத்தில் பிடிக்கிற புத்தி தன் பிள்ளை விசயத்தில் எங்கே போய்த் தொலைந்தது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

"அவன் வெளையாடலங்க" என்றாள். "அவனுக்கு ஒண்ணுமே தெரியல. நாந்தான் ஏமாத்திட்டேன். இருந்த சீட்டையும் நாந்தான் கெடுத்துப்புட்டேன்."

சாயங்காலம் தங்கப்பொண்ணு போன் செய்தாள். அவள் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. முத்துச்செல்வி, "சந்தோசம்க்கா" என்றாள். மனசாரச் சொன்னாளா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு டியூசன் பிள்ளைகளைப் பாதிப் பாடத்திலேயே வெள்ளென அனுப்பிவிட்டாள்.

பசுமலைக்குத் திரும்பவும் போக அவளுக்குக் கால் வரவில்லை. போய் என்னவென்று சொல்வது? பிள்ளைக்குக் காப்பியடிக்கக் கற்றுக்கொடுத்தேன் என்றா? அதுவும் இவள், பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்கிறவன் உருப்படமாட்டான் என்று ஊர்ப்பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். ஆனால் ஒரு வருசம் மறுபடியும் போய்விடும். முதல் டாக்டரிடம் தொலைத்த வருசமே இன்னும் அவள் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது. மானமா பிள்ளையா என்று பார்த்தால் தராசு எந்தப் பக்கம் தாழும்? அந்த வாரமே புருசனையும் மகனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மையத்தை நடத்துகிற பத்மாசினி மேடம் நரைத்த முடியைக் கொண்டையாக முடிந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தார். முத்துச்செல்வி நின்றபடியே கொட்டிவிட்டாள்.

"மேடம், முகாமுல எம்பிள்ளை எல்லாத்தையும் கரெக்டாத் தொட்டான். அது பொய்யிங்க மேடம். அட்டையை முன்னாடியே பார்த்துட்டு நான் பழக்கிவிட்டேன். நல்லாச் செஞ்சாத்தான் எடம் குடுப்பீங்கன்னு நெனச்சுப்புட்டேன்."

மேடம் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். மேடம் பாயை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. நீங்க மட்டும் இல்லம்மா, நெறையப் பேரு பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வருவாங்க. ஒரே அட்டையை வச்சுக்கிட்டு ஒரே வரிசையில கேட்டது எங்க தப்பு. சரி, இப்பச் சொல்லுங்க. அவனால என்னென்ன முடியாது?"

"பந்தைப் போட்டா நல்லா—"

"முடியுறது வேண்டாம். முடியாததைச் சொல்லுங்க."

முத்துச்செல்வி இத்தனை காலம் அந்தப் பேச்சை எடுத்தவர்களிடமெல்லாம் சண்டை போட்டிருக்கிறாள். நாத்தனாரிடம், அங்கன்வாடி டீச்சரிடம். என் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்ட வாயால் இப்போது குறையை எண்ணிச் சொல்ல வேண்டும். மெதுவாக ஆரம்பித்தாள். பேச்சு இல்லை. கூப்பிட்டால் பார்ப்பதில்லை. கைகாட்டிக் கேட்கத் தெரியாது. தாகமெடுத்தாலும் கேட்கமாட்டான், அழுவான், எதற்கு அழுகிறான் என்று அவள்தான் வீட்டிலிருக்கிற எல்லாவற்றையும் எடுத்து நீட்டிப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் நகர்ந்துவிடுவான். ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. சாப்பாடு, தூக்கம், முடிவெட்டுகிற கடையில் பட்ட பாடு, கல்யாண வீட்டிலிருந்து பாதியில் ஓடிவந்தது. மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னாள். சொல்லி முடித்தபோது நாள் முழுக்க நாற்று நட்டு நிமிர்ந்தவள்போல இடுப்பு விட்டுப்போயிற்று.

"அப்பா எதுவும் சொல்லணுமா?" என்று மேடம் கேட்டார்.

ஜெயபாண்டி சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"தெனமும் மத்தியானம் வீட்டு வாசல்ல வண்டியை நிப்பாட்டுவேங்க" என்றான். "மத்த வண்டிக்காரப் பயலுக பிள்ளைகள்லாம் அப்பன் வண்டிச் சத்தம் கேட்டா ஓடியாரும். இவன் வாரானான்னு கொஞ்ச நேரம் வண்டியிலயே உக்காந்து பார்ப்பேன். ஒரு நாளும் வந்ததில்லைங்க."

முத்துச்செல்வி திரும்பி அவனைப் பார்த்தாள். விடு புள்ள, வாரப்ப வரும் என்று தினமும் சொன்னவன். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வண்டியை அணைத்துவிட்டு இவன் ஏன் அங்கேயே கிடக்கிறான் என்று அவள் எத்தனையோ நாள் எரிச்சல்பட்டிருக்கிறாள். சோறு ஆறுதுங்க என்று கத்தியிருக்கிறாள்.

மேடம் முகேஷோடு வெகுநேரம் இருந்தார். அட்டையை எடுக்கவே இல்லை. கடைசியில், "ஆட்டிசம் மாதிரித் தெரியுது. டாக்டர் பார்த்துத்தான் உறுதியாச் சொல்லணும், அதுக்கு நானே கடிதம் தர்றேன்" என்றார். அது தீர்ந்துவிடுமா என்று ஜெயபாண்டி கேட்டான். "காய்ச்சல் மாதிரித் தீர்றது இல்லைங்க. ஆனா சொல்லிக் குடுத்தா நெறையக் கத்துக்குவான். எம்புட்டுன்னு இப்பச் சொல்ல முடியாது." இருந்த இடமெல்லாம் கொடுத்தாகிவிட்டது, ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தால் அந்த இடம் முகேஷுக்கு, அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுபடியும் காத்திருப்பு. ஆனால் இத்தனை நாள் பேரில்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தவளுக்கு, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே உட்காரக் கிடைத்த இடம்போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவரைக்கும் வீட்டுல நான் என்ன சொல்லிக் குடுக்கணும் மேடம்?"

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க. அவன் என்ன பண்றானோ, பக்கத்துல உக்காந்து நீங்களும் அதையே பண்ணுங்க."

"அவன் மூடியைத்தான் மேடம் சுத்திக்கிட்டிருப்பான்."

"அப்ப நீங்களும் மூடியைச் சுத்துங்க."

ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவளிடம் ஒன்றும் சொல்லிக்கொடுக்காதே என்றால் கோபம் வராதா? வந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஆனால் மறுநாள் மத்தியானம் அடுப்படியில் அவனுக்கு எதிரே காலை மடக்கி உட்கார்ந்து இன்னொரு மூடியை எடுத்துச் சுற்றினாள். அது இரண்டு சுற்றுச் சுற்றி மல்லாந்து விழுந்தது. கணக்கில் சதம் வாங்கினவளுக்கு மூடி சுற்ற வரவில்லை. முகேஷ் அவளைப் பார்க்கவே இல்லை.

அதற்கப்புறம் மத்தியானமெல்லாம் அதே பிழைப்புதான். சமைத்து, துவைத்து, ஓய்ந்து வந்து உட்காருவாள், சுற்றுவாள். ராமக்காள் எட்டிப் பார்த்துவிட்டு மோவாயில் கைவைத்துக்கொண்டு போனாள். தாயும் பிள்ளையும் சேர்ந்து மூடி சுற்றுகிறார்கள் என்று குழாயடியில் பேச்சு ஓடியிருக்கும். ஓடட்டும். மாசம் போனது. மையத்திலிருந்து போன் வரவில்லை. முகேஷ் தன் மூடியைப் பார்த்தான், சில நாள் அவள் மூடியைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

ஒருநாள் அவளுக்கு முடியவில்லை. காலையிலிருந்து தலைவலி. கையிலிருந்த மூடியைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். இதனால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். வெளியே டியூசன் பிள்ளைகள் வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எழ வேண்டும், எழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள்.

மணிக்கட்டில் ஏதோ சில்லென்று பட்டது. முகேஷின் கை. அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். தூக்கிக் கொண்டுபோய்க் கீழே கிடந்த மூடியின் மேல் வைத்தான். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் காத்திருந்தான். பிஸ்கட் இல்லை, அட்டை இல்லை, யாரும் பழக்கிவிடவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அவளிடம் தானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"அக்கா, நாங்கள்லாம் வந்துட்டோம்க்கா!" என்று வாசலில் கூச்சல் போட்டார்கள்.

"இருங்கடா, வாரேன்" என்றாள் முத்துச்செல்வி. போகவில்லை. மூடியை எடுத்துச் சுற்றிவிட்டாள்.